கடல் குடித்த கட்டை

அம்புரோஸ் கட்டிய படகு ஒழுகினால் தப்பு கடலுடையது என்று காசிமேட்டில் ஒரு கிண்டல் உண்டு. ஆணி துருப்பிடித்தால் ஆணி விற்றவன் அயோக்கியன். பலகை விரிந்தால் படகை வெயிலில் போட்டுவைத்த ஓனர் சோம்பேறி. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து உளி பிடிக்கிற மனிதர், ஒரு தடவையாவது "நான்தாம்பா சொதப்பிட்டேன்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "மரம் தப்பு பண்ணாது நைனா, மன்சன்தான் தப்பு பண்ணுவான்" என்பார். அந்த மன்சன் எப்போதும் வேறு யாராவதாகத்தான் இருப்பான். வேலை சுத்தம் என்பதால் ஆட்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரத்தில் தன் வீட்டு மொட்டைமாடி ஷீட்டுக்குக் கீழே, மடியில் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைஃபிள். பத்து மீட்டர் தள்ளி ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைக் குறிவைக்கிற போட்டிகளுக்கானது. அவர் மகள் டெபோரா சுடுகிறாள். இரும்புப் பகுதி அவளுடைய கிளப்புக்குச் சொந்தம். தோளில் பதிந்து, கன்னத்தைத் தாங்கி, கைப்பிடியாக நிற்கிற மரக்கட்டை, ஸ்டாக் என்பார்களே, அது அம்புரோஸ் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி முடிந்து வந்தவள், துப்பாக்கிப் பையை மாடிக்குக் கொண்டுபோய் அப்பாவின் பட்டறை மேசையில் வைத்தாள். "கட்டையக் கயட்டிட்டு மெஷினை நீயே கிளப்புல குடுத்துடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அழுதிருந்தாலும் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் அழவில்லை.

அம்புரோஸ் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிப்பவை அடியில் இருக்கிற இரண்டே ஸ்க்ரூக்கள்தான். முன்னது விரலாலேயே சுற்ற வந்தது. பின்னது துருவேறி அசையமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒருவழியாகக் கழற்றி இரும்பைத் தூக்கினார். வெளியே வார்னிஷில் கண்ணாடி போலப் பளபளத்த கட்டைக்கு உள்ளே, இரும்பு உட்காருகிற பள்ளம், ஈரம் பாய்ந்து கறுத்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

உப்பு.

அடப்பாவி என்று அவருக்கே அவரைத் திட்டத் தோன்றியது. திட்டிப் பழக்கமில்லாததால் வார்த்தை வெளியே வரவில்லை.

டெபோரா பீச்சாங்கைக்காரி. காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கேயிருந்து திருவொற்றியூரில் ஒரு பழைய குடோனில் நடக்கிற கிளப்புக்குப் போனவள். அங்கே இருந்த ஸ்டாக் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. கழுத்தைக் கோணி, தோளைத் திருகிக்கொண்டு சுட்டும் அவள் நன்றாகச் சுட்டாள். கோச் சங்கரநாராயணன் ஒருநாள் அம்புரோசைக் கூப்பிட்டனுப்பி, "மெஷின் ரெண்டு கைக்கும் ஒத்துவரும். ஸ்டாக்தான் பிரச்சினை. இடக்கை ஸ்டாக் வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கணும்" என்றார்.

"மரத்துக்கு இன்னாத்துக்கு சார் ஃபாரினு?" என்று சிரித்தார் அம்புரோஸ். "நான் எதுக்குக் கீறேன்?"

அந்த வேலையை அவர் செய்த அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். மகள் கையில் களிமண் உருண்டையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த விரல் பள்ளங்களைப் பார்த்தே கைப்பிடியைச் செதுக்கினார். அவள் கன்னத்தில் தன் மனைவி டோரதியின் பவுடரை அப்பி, கட்டைமேல் சாயச் சொல்லி, பவுடர் ஒட்டிய இடத்தை அரத்தால் ராவினார். இரும்பு உட்காரும் பள்ளத்துக்குத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். இரும்பில் நீலத்தைத் தடவி மரத்தில் அழுத்துவார். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மரம் இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி அழுத்துவார், மறுபடி சீவல். தெருவில் "அம்புரோஸ் வூட்ல துப்பாக்கி செய்றாங்கோ" என்று யாரோ கிளப்பிவிட, பீட் கான்ஸ்டபிள் மாடியேறி வந்து விசாரித்தார். டெபோரா நின்று காட்டியதும் அசந்துபோய், அந்தக் கட்டையைத் தோளில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எல்லாம் சரி. மரம்தான் தப்பு.

படகுத்துறையில் பழைய விசைப்படகுகளை உடைக்கிற ஜஹாங்கீரிடம் ஒரு தேக்குத் துண்டு வாங்கினார் அம்புரோஸ். வருஷக்கணக்காகக் கடலில் கிடந்த படகின் அடிக்கட்டை. படகு கட்டுகிறவர்களுக்குக் கடல் குடித்த கட்டை என்றால் உயிர். பூச்சி அரிக்காது, உளுக்காது, இன்னொரு படகுக்குப் போட்டாலும் உழைக்கும். ஜஹாங்கீரே சந்தேகப்பட்டான்.

"மாமு, படகுக்கு ஓகே. துப்பாக்கிக்கு ஆவுமா? காஞ்ச கட்டையா ஒண்ணு பாரேன்."

"போடா டேய்! கடலு குடிச்ச கட்டைக்கு சாவு ஏது? நீ எனக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

சாவு இல்லைதான். படகுக் கட்டை எப்போதும் தண்ணீரிலேயே கிடப்பதால் உள்ளே இருக்கிற உப்பு ஒரு தொந்தரவும் செய்வதில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் அதே உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மரத்தை ஊதவைக்கும். ஏசி அறைக்குப் போனால் ஈரம் வற்றி மரம் சுருங்கும். வெளிப்புறம் கோட் கோட்டாக வார்னிஷ் அடித்தவர், இரும்பு அசையாமல் உட்காரட்டும் என்று பள்ளத்தைப் பச்சையாகவே விட்டிருந்தார். ஈரம் போகவும் வரவும் வாசல் திறந்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. முடி அளவு இரும்பு நகர்ந்தாலும் குண்டு வேறு வட்டத்தில் போய் விழும்.

இதுவரைக்கும் நடந்தது தெரியாமல் செய்த தப்பு. தெரியாமல் செய்ததற்கு யாரும் யாரையும் தூக்கில் போடமாட்டார்கள். அம்புரோசை அரித்தது அதற்கப்புறம் நடந்ததுதான்.

போட்டிக்குச் சில வாரம் முன்னால் டெபோரா மாடிக்கு வந்தாள். "அப்பா, காலைல அடிச்சா ஒரு எடத்துல வுழுது, மத்தியானம் அடிச்சா வேற எடத்துல வுழுது. கட்டைல எதுனா கீதா பாரேன்" என்றாள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் வந்தது அம்புரோசுக்கு. "கட்டைலயா? எங் கட்டைலயா? மரம் தப்பு பண்ணாது, மன்சன்தான் தப்பு பண்ணுவான். உங் கை ஆடுது. பீச்சாங்கை அப்பிடித்தான் ஆடும். நீ ஒயுங்கா நில்லு, எல்லாம் ஒயுங்கா வுழும்."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பெண் அவள். அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்து நின்று, கையில் செங்கல்லை ஏந்திப் பழகினாள். டீயை விட்டாள், காப்பியை விட்டாள், கை நடுங்கும் என்று யாரோ சொன்னதற்காக.

போட்டிக்கு முந்தின நாள் துப்பாக்கியைத் துடைக்க எடுத்த அம்புரோஸ் பார்த்தார். முன் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அவர் கையால் முறுக்கிய ஸ்க்ரூ தளராது. மரம் உள்ளே ஊதிச் சுருங்கி வேலை செய்தால் ஒழியத் தளராது. அந்த நிமிஷமே அவருக்கு விளங்கிவிட்டது. கீழே சமையலறையில் டெபோராவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கோச்சுக்குப் போன் போட்டு கிளப் கட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? ஸ்க்ரூவை ஒரு திருகு திருகி, துணியால் துடைத்து, பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

ஏசி போட்ட போட்டி அரங்கில் முதல் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்புரோஸ் அந்தோணியாரை வேண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் குண்டுகள் ஒதுங்க ஆரம்பித்தன. டெபோரா குறியைத் திருத்தினாள், நின்ற நிலையை மாற்றினாள், துப்பாக்கியைக் கீழே வைத்துத் தன் இடது கையைத் தூக்கி உதறிப் பார்த்தாள். உதறிவிட்டு அந்தக் கையையே வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை அம்புரோஸ் பார்த்தார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

சங்கரநாராயணன் திங்கட்கிழமை போன் செய்தார். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு கேம்ப்புக்குத் தேர்வு இருக்கு. அதுலயும் வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க. பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லுங்க சார்."

எதை எடுத்துச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை உப்பை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு அம்புரோஸ் ஒரு முடிவுக்கு வந்தார். சொல்ல வேண்டாம், செய்துவிடுவோம். காய்ந்த தேக்கில் புதுக் கட்டை ஒன்று செய்து கையில் கொடுத்தால் அவள் சுடுவாள், எல்லாம் சரியாகிவிடும், பழைய கதை பழைய கதையோடு போகும். டோரதி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மர அலமாரி இருந்தது. ஈரமே படாமல் வீட்டுக்குள் காய்ந்த தேக்கு. அவள் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் உள்தட்டுகளை உருவிவிட்டு, அளவெடுத்து அறுத்த பிளைவுட்டைச் சொருகி, புடவைகளை இருந்தபடியே அடுக்கினார். மனிதர் ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறார் பாருங்கள்! தட்டுப் பலகைகளைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கோணிப்பையால் மூடிவைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, "பொய் சொல்லிட்டேன் ஃபாதர்" என்றார்.

"யாருகிட்ட?"

தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டெபோராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே சாமியார்.

"ஒரு... கஸ்டமர்கிட்ட."

"அவரைப் பாத்து உண்மையைச் சொல்லிடுங்க."

"வெளியூரு கஸ்டமர் ஃபாதர்."

பாவசங்கீர்த்தனத்திலேயே பொய்! சாமியார் பரிகாரமாகக் கொடுத்த 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. தெரிந்த ஜெபம்தான். வாய் வரவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் டோரதி அலமாரியைத் திறந்துவைத்து, இடுப்பில் கைவைத்து நின்றாள். புடவையெல்லாம் கட்டிலில் கிடந்தது.

"இன்னாய்யா இது? எங்கம்மா குடுத்த தேக்கு பிளைவுட்டா மாறிக்கீது? கானாவூர் கல்யாணத்துல தண்ணி திராட்சை ரசமா மாறிச்சே, அந்த மாதிரியா?"

அம்புரோஸ் மழுப்பப் பார்த்தார். டோரதியிடமா மழுப்புவது? மீன் கண்ணைப் பார்த்தே எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்கிறவள். கட்டிலில் புடவைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கடல் கட்டை, உப்பு, ஸ்க்ரூ, ஜிப்பை இழுத்தது, எல்லாம். டோரதி அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"பொண்ணுகிட்ட சொன்னியா?"

"புதுசா ஒண்ணு செஞ்சிகினு கீறேன் டோரதி. அத்தக் குடுத்தா போதாதா?"

"அது தன் கைதான் கோணல்னு நெனச்சிகினு கீதுய்யா. நீ புதுக் கட்டை குடுத்தா அந்த நெனப்பு போயிடுமா? நீ இல்லாத நேரமாப் பாத்து ரெண்டு நாளா மாடில இன்னா பண்ணிகினு கீதுன்னு போய்ப் பாரு. போ. போய்ப் பாத்துட்டு அப்பால வந்து எங்கிட்ட பேசு."

அம்புரோஸ் படியேறினார். இன்னும் வெளிச்சம் இருந்தது. டெபோரா அவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரு ரீப்பர் கட்டையில் செங்கல்லைக் கட்டி, அதை வலது தோளில் சாத்திப் பிடித்திருந்தாள். இடது கண்ணை மூடி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். வலது கை வெடவெடவென்று நடுங்கியது. கட்டை சரிந்தது. நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள். பிறந்ததிலிருந்து இடது கையால் எழுதி, இடது கையால் தலைவாரி, இடது கையால் பந்தெறிந்த பெண்.

"இன்னாம்மா பண்றே?"

"ரைட்டுக்கு மாத்திக்கினு கீறேம்ப்பா." அவள் திரும்பவில்லை. "சார்கிட்ட சொல்லிட்டேன். கிளப் ரைஃபிள்லயே அடிக்கிறேன்னு. நீ சொன்னது கரெக்டுதான். பீச்சாங்கை ஆடுது. கண்ணாலயே பாத்தேன், அன்னிக்கு."

அம்புரோஸ் நடந்து போய் அவள் கையிலிருந்த செங்கல் கட்டையை வாங்கிக் கீழே வைத்தார். மூலையில் துணிசுற்றி ஒளித்திருந்த பழைய ஸ்டாக்கைக் கொண்டுவந்து பள்ளத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இத்தப் பாரு. உப்பு. மரத்துல உப்பும்மா. ஏசில சுருங்கி மெஷின் ஆடிக்கீது. உங் கை ஆடல. உங் கை எப்பவும் ஆடல."

டெபோரா பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தாள். இமையில் இரண்டு முடி பிளாஸ்திரியோடு போயிற்று. பள்ளத்தைப் பார்த்தாள், வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

செவ்வாய்க்கிழமை என்று சொல்லலாம். உப்பை நாக்கில் வைத்தது செவ்வாய்க்கிழமைதானே? அதில் பொய்யே இல்லை. அந்தப் பதில் அவர் வாய்வரைக்கும் வந்து நின்றது.

"உப்பு செவ்வாக்கெயமதான் தெரியும்," என்றார். "ஆனா போட்டிக்கு மொத நாளே ஸ்க்ரூ லூசாக் கீறதப் பாத்தேன். மரம் வேலை செய்துன்னு தெரிஞ்சிது. முடுக்கிட்டு சொம்மா இருந்துட்டேன்."

"ஏம்ப்பா?"

"எந் தப்புன்னு சொல்ல வாய் வரல."

கீழே தெருவில் ஒரு மீன்பாடி வண்டி கடகடவென்று போயிற்று. டெபோரா தன் இடது கையை முன்னால் நீட்டி விரலை விரித்தாள். கை அசையாமல் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தொட வந்த அப்பாவைத் தள்ளிவிட்டாள்.

"அன்னிக்கு அங்க நின்னுகினு இந்தக் கைய வெட்டிப் போட்டுடலாமான்னு இருந்துச்சிப்பா. நீ கண்ணாடிக்கு அந்தாண்ட குந்திகினு பாத்துகினே இருந்த." மூக்கைத் துடைத்தாள். "சார்கிட்ட நீயே வந்து சொல்லணும். எல்லாப் பசங்களும் இருக்கசொல்ல."

"சொல்றேன்."

அடுத்த நாட்களில் அவள் புதுக் கட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். களிமண்ணைப் பிடித்தாள், கன்னத்தில் பவுடர் அப்பிச் சாய்ந்தாள். பேச்சு மட்டும் இல்லை. முன்பெல்லாம் அந்தப் பவுடர் மூஞ்சியோடு அப்பாவைக் கேலி செய்து மாடியே அதிரச் சிரித்தவள். அம்புரோஸ் நீலம் தடவினார், அழுத்தினார், சீவினார். இந்த முறை பள்ளத்துக்குள்ளேயும் வார்னிஷ் பூசினார். மரமும் இரும்பும் ஒன்றுக்கு ஒன்று அழகாகப் பொருந்திவந்தன. அவருக்கு அதில் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு கிளப் குடோனில் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அம்புரோஸ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றார். படகுத்துறையில் ஊர் கேட்கக் கத்துகிற குரல், அங்கே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"சார். போட்டில எம் பொண்ணு தப்பு பண்ணல. கட்டை தப்பு. கட்டை இல்ல சார், நான். படகுக் கட்டையப் போட்டு செஞ்சிட்டேன். ஆடுதுன்னு தெரிஞ்சும் சொல்லாம அனுப்பிட்டேன். பீச்சாங்கைன்னு அத்த ஏசுனேன் வேற. அவ்ளோதான் சார்."

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. "முன்னாடி நாள் ஒரு போன் பண்ணியிருந்தா போதும் சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அம்புரோசுக்கு முகமெல்லாம் எரிந்தது. எரியட்டும் என்று நின்றார்.

புதுக் கட்டை பூட்டிய துப்பாக்கியை மகளிடம் நீட்டினார். மெஷினை அவரே பொருத்தி, இரண்டு ஸ்க்ரூவையும் அளவாக முறுக்கிக் கொண்டுவந்திருந்தார். டெபோரா வாங்கினாள். இடது தோளில் வைத்து ஒரு தடவை சாய்ந்து பார்த்தாள். கட்டை அவளோடு சேர்ந்து பிறந்த மாதிரி உட்கார்ந்தது. சரி, சுடப்போகிறாள் என்று அம்புரோஸ் மூச்சுவிட்டார்.

அவள் சுடவில்லை. துப்பாக்கியை மேசையில் கவிழ்த்துப் படுக்கவைத்து, பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். புதிதாக வாங்கியிருந்தாள். முன் ஸ்க்ரூவைக் கழற்றினாள், பின் ஸ்க்ரூவைக் கழற்றினாள். இரும்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் நீளத்துக்கும் தடவினாள். அப்புறம் அந்த விரலை நாக்கில் வைத்தாள்.

அப்பா கொடுத்த எதையும் அவள் அதுவரைக்கும் திறந்து பார்த்ததில்லை. கட்டிக்கொடுத்த சோற்றை மூடி திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு ஓடுகிற பெண் அவள். அம்புரோஸ் தலையைக் குனியாமல், கடைசிவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்பு இல்லை. டெபோரா இரும்பை உட்காரவைத்து, தன் கையாலேயே இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கி, சுடுகிற கோட்டில் போய் நின்றாள். முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவதும் அதே ஓட்டையில் போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். சங்கரநாராயணன் அம்புரோசின் தோளைத் தட்டி, "உட்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பரவால்ல சார், நிக்கிறேன்" என்றார் அம்புரோஸ்.